புலி, சிங்கம் குட்டி போட்டால்: பூங்காவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பூங்காவில் பெரும்பூனைகளைப் பராமரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பற்றி இந்தப் பக்கம் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்பவர் பள்ளிக் குழந்தையாக இருந்தாலும் படித்த பெரியவராக இருந்தாலும் சந்தேகம் மாறுவதில்லை. நின்ற இடத்தில் இரண்டு வரியில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெரும்பூனை என்றால் என்ன? பெரிதாக இருக்கும் பூனை எல்லாமா?

புலி, சிங்கம், சிறுத்தை, ஜாகுவார், பனிச்சிறுத்தை ஆகிய ஐந்தும் ஒரே பேரினம். பெரும்பூனை என்றால் முதலில் இவைதான். சிவிங்கிப்புலியையும் (சீட்டா) பூமாவையும் பலர் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவை இரண்டுக்கும் கர்ஜிக்க வராது, வீட்டுப் பூனை மாதிரி குறுகுறுக்கத்தான் வரும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். புள்ளியெல்லாம் பூப்போல வளையமாக இருந்தால் சிறுத்தை. தனித்தனிக் கரும்புள்ளியாக இருந்து, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கினால் சிவிங்கிப்புலி. இரண்டையும் இனப்பெருக்கம் செய்விக்கும் முறை வேறு வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டால் தானாகக் குட்டி போடாதா?

சிங்கம் கூட்டமாக வாழும் மிருகம். பழகிய கூட்டமாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே நடக்கும். புலி அப்படியல்ல. காட்டில் ஆணும் பெண்ணும் தனித்தனியாகத் திரிந்து, பெண் பருவத்துக்கு வரும் சில நாட்கள் மட்டும் சேர்ந்திருக்கும். மற்ற நாட்களில் முன்பின் தெரியாத ஆண் அவளுக்கு ஆபத்து, சில சமயம் அவளும் அதற்கு ஆபத்து.

அதனால் முதலில் வாசனை. ஒன்று படுத்த வைக்கோலை, மூத்திரம் தெளித்த மரக்கட்டையை மற்றதன் கூண்டில் வைப்போம். அப்புறம் வலைக்கம்பி வழியாகப் பார்வை. பெண் வலையில் உடம்பைத் தேய்க்கும், தரையில் புரளும். இரண்டும் மூக்கு வழியாகப் 'புர்ர்ர்' என்று காற்றை விட்டுப் பேசிக்கொள்ளும். புலிகளுக்குள் அது நட்புக் குரல். அந்தக் குரல் இரண்டு பக்கமும் கேட்கும் வரை கதவைத் திறக்கக் கூடாது. திறக்கும் நாளில் தண்ணீர்க் குழாயும், ஓசை எழுப்பும் சாமான்களும், கதவை உடனே இறக்க ஆளும் தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் தவறலாம். 2019 பிப்ரவரியில் லண்டன் பூங்காவில் அசிம் என்ற சுமத்ரா ஆண்புலியை, அடுத்தடுத்த கூண்டில் வைத்துப் பழக்கிய பிறகுதான் மெலாட்டி என்ற பெண்புலியோடு விட்டார்கள். அது அவளைக் கொன்றுவிட்டது. அதே அசிம் பின்னர் கேய்ஷா என்ற வேறொரு பெண்ணோடு இணங்கி, 2022இல் மூன்று குட்டிகளுக்குத் தகப்பனானது. மனப்பொருத்தம் என்று நாம் மனிதர்களுக்குச் சொல்வது இவற்றுக்கும் உண்டு. அதை வெளியில் இருந்து முழுதாகக் கணிக்க யாராலும் முடியாது.

இணை சேர்ந்தால் உடனே சினைதானா?

இல்லை. பெண்புலிக்கு இணை சேரும் தூண்டுதலில்தான் கருமுட்டை வெளிவரும். அதனால் ஒரு நாளைக்குப் பல முறை வீதம் சில நாட்கள் தொடர்ந்து சேர வேண்டும். சிங்கங்கள் அந்த நாட்களில் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறைகூடச் சேரும். ஒரு முறை பார்த்துவிட்டு 'வேலை முடிந்தது' என்று பிரித்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் தங்காது.

எத்தனை நாள் சினை? எத்தனை குட்டி?

புலிக்குச் சுமார் மூன்றரை மாதம், அதாவது 103 நாளையொட்டி. சிங்கத்துக்கு 110 நாள் அளவு. சிறுத்தைக்கும் சிவிங்கிப்புலிக்கும் மூன்று மாதத்தை ஒட்டி. புலிக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள். பிறக்கும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ, கண் மூடியே இருக்கும்.

சினையாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்க முடியாதே?

வயிற்றை நம்ப முடியாது, கடைசி சில வாரம் வரை பெரிதாகக் காட்டாது. முலைக்காம்பு சிவந்து தடிப்பது ஒரு அடையாளம். நம்பகமானது சாணச் சோதனை. தினமும் கூண்டிலிருந்து எடுக்கும் கழிவில் ஹார்மோன் எச்சங்கள் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கருமுட்டை வெளிவந்து கரு தங்காவிட்டாலும் சினையைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் அளவு பல வாரம் உயர்ந்தே இருக்கும். பொய்ச்சினை என்பது அதுதான். அந்த அளவு பொய்ச்சினைக் காலத்தையும் தாண்டி இறங்காமல் நீடித்தால் நம்பிக்கை வரும். சினையின் பிற்பகுதியில் கூடும் புரோஸ்டாகிளான்டின் எச்சத்தையும் சாணத்தில் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

இப்போது பல பூங்காக்களில் புலியையே பழக்கிவிடுகிறார்கள். கம்பியோரம் பக்கவாட்டில் வந்து நின்றால் ஒரு இறைச்சித் துண்டு, வாலைக் கம்பிக்கு வெளியே நீட்டினால் இன்னொன்று. அப்படியே வாலில் ரத்தம் எடுக்கலாம், வயிற்றில் ஸ்கேன் கருவி வைக்கலாம். மயக்க ஊசி தேவையில்லை. இந்தத் தொழிலில் என் காலத்தில் வந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தாயே குட்டியைத் தின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

நடப்பதுண்டு. கெட்ட தாய் என்பதால் அல்ல. பெரும்பாலும் முதல் ஈற்று, அல்லது பயம். புது ஆள், வெல்டிங் சத்தம், பக்கத்துக் கூண்டில் ஆணின் வாடை, எட்டிப் பார்க்கும் அதிகாரிகள் என்று ஏதாவது ஒன்று 'இந்த இடம் பத்திரம் இல்லை' என்று அவளை நினைக்க வைத்துவிடும். குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இடம் தேடி அலைவாள். போக இடமில்லாத கூண்டில் அப்படி அலைவதே குட்டிக்கு எமன். குறையோடு பிறந்த குட்டியை அவள் ஒதுக்குவதும் உண்டு.

இதற்கு மருந்து ஒதுங்கி நிற்பதுதான். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே இருட்டான, வைக்கோல் விரித்த பெட்டி அறையைப் பழக்க வேண்டும். முடிந்தால் இரண்டு அறை கொடுத்தால் அவள் குட்டியை மாற்றி வைத்துக்கொள்வாள். கேமராவை முன்கூட்டியே பொருத்திவிட வேண்டும். பிறகு உணவு கொடுக்க, அவளுக்குப் பழக்கமான ஒரே ஒருவர் போனால் போதும். திரையில் குட்டி பால் குடிப்பது தெரிந்தால், முதல் வாரங்களில் உள்ளே சுத்தம் செய்யக்கூடப் போகாமல் இருப்பதே நல்லது.

குட்டி பிறந்ததாகச் செய்தி வருகிறது. போய்ப் பார்த்தால் கண்ணிலேயே காட்டுவதில்லை. ஏன்?

காரணம் மேலே சொன்னதுதான். கண் திறக்கவே ஒன்று, இரண்டு வாரம் ஆகும். நடை நிதானப்பட வேண்டும், தடுப்பூசி தொடங்க வேண்டும். வெளிக்கூண்டின் அகழியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் விழுந்தால் ஏறி வரத் தெரிய வேண்டும். இரண்டு, மூன்று மாதம் காத்திருங்கள். பிறந்த ஒரு வாரத்தில் குட்டியைத் தூக்கிக் காட்டி, படம் எடுக்க விடும் இடத்தைப் பார்த்தால் அங்கேதான் கவலைப்பட வேண்டும்.

அப்பா எங்கே?

புலியானால் தனிக்கூண்டில். குட்டிகளோடு சாதுவாக இருந்த ஆண்புலிகளும் உண்டு, ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க எந்தப் பூங்காவும் எளிதில் துணியாது. சிங்கமானால், குட்டிகள் ஓடியாடும் வயதுக்கு வந்ததும் தாய் கூட்டத்தோடு சேர்ப்பாள், ஆண் சிங்கமும் அப்போது பழகும். அது அந்தக் குட்டிகளின் தகப்பனாக இருப்பது முக்கியம். புதிதாக வந்த ஆண், வேறொருவனின் குட்டிகளைக் கொல்லும்.

தாய் கைவிட்டால் பசும்பால் கொடுத்து வளர்க்கலாமா?

கூடாது. புலிப்பாலோடு ஒப்பிட்டால் பசும்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு, பால்சர்க்கரை அதிகம். பூனை இனத்துக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து அதில் மிகச் சொற்பம். வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து எலும்பு, கண் வரை பாதிக்கும். பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரித்த பால்மாவுதான் சரி. அதிலும் அமினோ அமிலம் குறைந்த கலவையால் கண்புரை வந்த புலிக்குட்டிகள் இருக்கின்றன.

கைவளர்ப்பு என்பது தூக்கத்தைத் தொலைக்கும் வேலை. முதல் வாரங்களில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டி. குட்டியை மல்லாத்திப் போட்டுப் புகட்டவே கூடாது, பால் நுரையீரலுக்குப் போய்விடும். தாயிடம் குடிப்பது போலக் குப்புறக் கிடந்து, தலையைச் சற்று நிமிர்த்தித்தான் குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றிலும் பின்புறத்திலும் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் அது. இல்லாவிட்டால் குட்டிக்கு மலசலம் கழிக்கத் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் எடை. ஒரு நாள் ஏறாவிட்டால் காரணம் தேட வேண்டும்.

சீம்பால் முதல் நாளே கிடைத்ததா என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. அது கிடைக்காத குட்டிக்கு நோய் எதிர்ப்பே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அதே வயதுக் குட்டிகளோடு இன்னொரு தாய் இருந்தால் அவளிடம் சேர்த்துப் பார்க்கலாம். பால் கொடுக்கும் நாய் வளர்த்த புலிக்குட்டிகளும் உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் கொத்திய இறைச்சி ஆரம்பிக்கலாம். பாலை முழுதாக மறக்க ஐந்தாறு மாதம் ஆகும்.

கையால் வளர்த்த புலி நம்மிடம் பாசமாகத்தானே இருக்கும்?

இருக்கும். பிரச்சினையே அதுதான். ஒற்றைக் குட்டியாக மனிதர்களுக்கு நடுவே வளர்ந்த ஒரு ஆண்புலியை எனக்குத் தெரியும். மூன்று வயதில் பக்கத்துக் கூண்டுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தபோது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் ஓடிவந்து கம்பியில் தேய்க்கும், அந்தப் புர்ர்ர் குரலை எங்களிடம்தான் பேசும். கடைசிவரை அது எந்தப் பெண்ணோடும் சேரவில்லை.

பாசம் இருப்பதால் பயம் வேண்டாம் என்பதும் தவறு. ஒன்றரை வயதில் அதன் விளையாட்டுத் தட்டே மனிதக் கழுத்துக்கு அதிகம். அதனால் வளர்ந்த மிருகத்தின் கூண்டுக்குள் வளர்த்தவரும் போகக் கூடாது. இரட்டைக் கதவு, போகும்முன் எண்ணிக்கை, பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லாம் முப்பது வருட அனுபவசாலிக்கும் உண்டு. கைவளர்ப்பு தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு குட்டிகளாக, வேறு இடத்துக் குட்டியைச் சேர்த்தாவது வளர்க்க வேண்டும். அப்போதுதான் தான் புலி என்பது அதற்குத் தெரியும்.

என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்? வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவது கொடுமை இல்லையா?

வளர்ந்த புலிக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோவும் அதற்கு மேலும், உடம்பைப் பார்த்து. காட்டில் ஒரே இரையில் 30 கிலோவுக்கு மேல் தின்றுவிட்டு நாள்கணக்கில் சும்மா கிடக்கும் வயிறு அது. வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுமை இல்லை. குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அது கிடையாது.

குட்டிகளைக் கெடுப்பது பட்டினியைவிட எலும்பில்லாத சுத்தக் கறி. கறியில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. நல்ல கறியாகப் பார்த்துப் போட்டு வளர்த்த குட்டிக்கு நாலு மாதத்தில் கால் வளைந்து, குதித்த இடத்தில் எலும்பு முறியும். மாடு, ஆடு என்றால் எலும்போடும், அவ்வப்போது ஈரலோடும் கொடுக்க வேண்டும். பூனை இனத்தால் காய்கறி நிறமியிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்க முடியாது, ஈரலிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்த சிங்கக்குட்டிகளுக்கு மண்டையோடு தடித்து மூளையை அழுத்தும். தலை ஒருபக்கம் சாய்ந்து தள்ளாடுவதைப் பார்க்கவே மனது ஆறாது. ஈரலை அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் கெடுதல்தான்.

இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதிலும் கண் வேண்டும். 2004 அக்டோபரில் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் பறவைக் காய்ச்சல் கண்ட கோழிகளைப் பச்சையாகத் தின்றதால் நோய் பரவி, இறந்ததும் கருணைக்கொலை செய்ததுமாக 147 புலிகள் போயின.

புலிக்கும் தடுப்பூசி உண்டா?

உண்டு. வீட்டுப் பூனைக்குப் போடும் முத்தடுப்பூசியும் வெறிநோய்த் தடுப்பூசியும்தான், கொல்லப்பட்ட கிருமியில் செய்தவையாகப் பார்த்துப் போட வேண்டும். நாய்களின் டிஸ்டெம்பர் நோய் பெரும்பூனைகளையும் கொல்லும். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காட்டுச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அது கொண்டுபோனது. பூங்காவுக்குள் தெருநாய் நுழைந்தால் நாங்கள் பதறுவது இதனால்தான். மனிதரிடமிருந்தும் தொற்றும்: 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காப் புலிக்கும், 2021இல் வண்டலூர் சிங்கங்களுக்கும் கொரோனா வந்தது.

வெள்ளைப் புலி அரிய இனம்தானே? அதைப் பெருக்கினால் என்ன?

அது தனி இனமே அல்ல. சாதாரணப் புலியில் ஒரே ஒரு மரபணு மாறியதால் வந்த நிறம். எந்த மரபணு என்பதை 2013இல் கண்டுபிடித்துவிட்டார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டி வெள்ளையாகும். எனவே வெள்ளைக் குட்டியை உறுதியாகப் பெறச் சுலபமான வழி, சொந்தத்துக்குள்ளேயே சேர்ப்பது.

1951இல் ரீவா மகாராஜா பிடித்த மோகன் என்ற வெள்ளைக் குட்டியை முதலில் சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தார்கள். குட்டிகள் எல்லாம் ஆரஞ்சு. பிறகு மோகனின் சொந்த மகள் ராதாவோடு சேர்த்ததும் 1958இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகின் பல பூங்காக்களில் இன்று காணும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு தடம் மாறுவதால் வரும் மாறுகண், அந்த நிறத்தோடேயே ஒட்டி வருவது. மற்ற பிறவிக் குறைகளும் குட்டிச் சாவும் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள் சேர்த்ததன் விளைவு. 2011இல் அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம், வெள்ளை நிறத்துக்காகவே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டது. கூட்டம் வெள்ளைப் புலி முன்னால்தான் நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த முடிவு சரி.

லைகர்?

ஆண் சிங்கத்துக்கும் பெண்புலிக்கும் பிறப்பது. காட்டில் கிடையாது. ஆண் லைகர் மலடு. எந்த இனத்தைக் காப்பாற்றவும் அது உதவாது, தாய்ப்புலியின் ஒரு ஈற்றும் வீண்.

அப்படியானால் யாரோடு யார் சேர வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

வம்சாவளிப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. ஒரு இனத்தைச் சேர்ந்த பூங்கா விலங்குகளின் தாய், தகப்பன், பிறந்த நாள், இடம் மாறிய நாள் எல்லாம் அதில் ஏறும். புலிகளுக்கான உலகப் பதிவேட்டை ஜெர்மனியின் லைப்சிக் பூங்கா பராமரிக்கிறது. ஒவ்வொரு மிருகத்துக்கும் மொத்தக் கூட்டத்தில் எவ்வளவு சொந்தம் இருக்கிறது என்று கணக்கிட்டு, சொந்தம் குறைந்தவற்றுக்கு முன்னுரிமை தருவார்கள். நூறு வருடம் கழித்தும் மரபணு வேறுபாட்டில் 90 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. ஒரு புலி ஆயிரம் மைல் தள்ளி இன்னொரு பூங்காவுக்குப் போவது இந்தக் கணக்கால்தான்.

கணக்கு தொடக்கத்திலேயே பிசகினால் எல்லாம் போகும். அமெரிக்காவில் ஆசியச் சிங்கங்களுக்கென்று நடந்த திட்டத்தில் மூல விலங்குகள் ஐந்து. 1987இல் மரபணுச் சோதனை செய்தபோது அவற்றில் இரண்டில் ஆப்பிரிக்க ரத்தம் இருப்பது தெரிந்தது. அதற்குள் வாரிசுகள் எங்கும் பரவியிருந்தன. திட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. குஜராத்தின் ஜூனாகத் சக்கர்பாக் பூங்கா போன்ற இடங்களில் கிர் காட்டு வழிவந்த சிங்கங்களைப் பொத்திப் பாதுகாப்பதன் மதிப்பு அங்கேதான் தெரிகிறது.

குட்டி போடவிடாமல் தடுப்பது பாவம் இல்லையா?

பூங்காவில் ஒரு புலி 18, 20 வருடம்கூட வாழும். நாலு குட்டி என்றால் நாலு கூண்டு, அத்தனை வருடச் சாப்பாடு. இடம் உறுதியாகாமல் பிறக்க விடுவதுதான் பாவம் என்பேன். தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் மாத்திரை ஒரு வருடத்துக்கு மேல் தடுக்கும், பிறகு பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். முன்பு பயன்படுத்திய வேறொரு ஹார்மோனால் மார்புப் புற்றுநோய் வந்ததால் அதைக் குறைத்துவிட்டார்கள். ஆண் சிங்கத்துக்குக் காயடித்தால் பிடரி மயிரே உதிர்ந்துவிடும்.

சில ஐரோப்பியப் பூங்காக்கள் வேறு வழி போகின்றன: குட்டி வளர்க்கும் அனுபவம் மிருகத்துக்குத் தேவை, மிஞ்சியதைக் கொல்லலாம் என்பது அவர்கள் வாதம். 2014 மார்ச்சில் கோபன்ஹேகன் பூங்கா புது ஆண் சிங்கத்துக்கு இடம்விட நான்கு சிங்கங்களைக் கொன்றது. அந்த வாதத்தின் தர்க்கம் புரிகிறது, என்னால் ஏற்க முடியவில்லை.

சிவிங்கிப்புலிக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிரமம்?

அக்பர் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் வரை சேர்த்து வைத்து, குட்டி எடுக்க ஆசைப்பட்டும் நடக்கவில்லை என்று ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். தன் காலத்தில் ஒரு ஆண், கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டு போய்ப் பெண்ணோடு சேர்ந்தது, மூன்று குட்டிகள் பிறந்தன என்றும் குறித்து வைத்திருக்கிறார். பூங்காவில் முதன்முதலாகக் குட்டி பிறந்தது 1956இல், ஃபிலடெல்பியாவில்.

காரணம் இதுதான்: எப்போதும் ஒன்றாகவே வைத்திருந்தால் பெண்ணுக்கு ஆணிடம் நாட்டமே வராது. பெண்களைத் தனியாகவும் ஆண்களைக் கூட்டாகவும் வைத்து, பருவத்தில் மட்டும் ஆண்களை வேலியோரம் நடக்கவிட்டு, அவள் யாரைப் பார்த்து நிற்கிறாள் என்று கவனித்து விட வேண்டும். விஸ்தாரமான இடம் உள்ள பூங்காக்களுக்கே இது கைகூடுகிறது.

செயற்கைக் கருவூட்டல் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

முடியும், ஆனால் எளிதல்ல. 1990இல் அமெரிக்காவின் ஒமாஹா பூங்காவில் சோதனைக்குழாய் முறையில் புலிக்குட்டிகள் பிறந்தன. 2018இல் தென்னாப்பிரிக்காவில் செயற்கைக் கருவூட்டலில் சிங்கக்குட்டிகள், 2020இல் அமெரிக்காவின் கொலம்பஸ் பூங்காவில் வாடகைத்தாய் வழியாகச் சிவிங்கிப்புலிக் குட்டிகள். ஒவ்வொரு முயற்சிக்கும் மயக்க மருந்து, ஹார்மோன் ஊசி. புலிக்கு முட்டை தானாக வெளிவராது என்று முன்பே சொன்னேன், அதனால் நேரத்தைக் கணிப்பதே பாதி வேலை. சண்டையால் சேர்க்க முடியாத ஜோடிக்கும், தூர தேசத்து வம்சத்துக்கும் இது வரப்பிரசாதம். தினசரி வழியாக ஆகாது.

இவ்வளவு குட்டிகளையும் காட்டில் விட்டுவிட்டால் என்ன?

மனிதரைப் பார்த்தால் சாப்பாடு வரும் என்று கற்ற மிருகம் முதலில் போவது ஊருக்குத்தான். வேட்டையும் முழுக்கப் பிறவியில் வருவதில்லை. காட்டுப்புலிக் குட்டி ஒன்றரை, இரண்டு வருடம் தாயோடு திரிந்துதான் கழுத்தைக் கவ்வக் கற்கிறது. இரையும் இடமும் இல்லாத காட்டில் விட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் புலியோடு சண்டைதான்.

ஆனால் முடியாத காரியம் இல்லை. அர்ஜென்டினாவின் இபெரா சதுப்பு நிலத்தில் ஜாகுவார் அற்றுப்போய் எழுபது வருடம் ஆகியிருந்தது. அங்கே பெரிய வேலி போட்ட இடங்களில், குட்டிகள் மனிதரையே பார்க்காமல், உயிருள்ள இரையைத் தாயோடு வேட்டையாடி வளரும்படி செய்தார்கள். கண்காணிப்பு எல்லாம் கேமராவில். 2021 ஜனவரியில் மரியுவா என்ற தாயையும் அவளுடைய இரண்டு குட்டிகளையும் கதவைத் திறந்து விட்டார்கள். அவர்கள் விரட்டவில்லை, கதவை மட்டும் திறந்து வைத்தார்கள். அவள் தானாகத்தான் வெளியே போனாள், குட்டிகள் பின்னால்.